குற்றவியல் நீதிச் சீர்திருத்த வழக்கறிஞர் என்பவர் யார்?

கட்சிக்காரர் ஒருவரின் வழக்கோடு நிற்காமல், அவரைப்போல் பலரைச் சிறையில் தள்ளும் சட்டத்தையும் நடைமுறையையும் மாற்றப் போராடும் வழக்கறிஞர். தெருமுனைப் பள்ளத்தில் விழுந்தவருக்குக் கட்டுப்போடுவது ஒரு வேலை. நகராட்சியை விடாமல் துரத்தி அந்தப் பள்ளத்தை மூடவைப்பது இவர் வேலை.

எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கபிலா ஹிங்கோரானி. பீகார் சிறைகளில் விசாரணை முடியாமலே ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றி 1979 ஜனவரியில் நாளிதழில் செய்தி வந்தது. சாட்டப்பட்ட குற்றத்துக்கு உரிய முழுத் தண்டனைக் காலத்தையும் தாண்டி உள்ளே இருந்தவர்கள் அதில் உண்டு! கைதியோ உறவினரோதான் மனுப் போட முடியும் என்றிருந்த காலம். செய்தியை மட்டும் ஆதாரமாக வைத்து அவர் உச்ச நீதிமன்றம் போனார். அதுவே ஹுஸைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணை அரசியலமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்று நீதிபதி பகவதி அமர்வு சொன்னது.

இத்தனை பேர் ஏன் உள்ளேயே கிடக்கிறார்கள்? பெரும்பாலும் வறுமைதான். ஜாமீன் உத்தரவு கைக்கு வந்துவிடும். சொத்துவரி ரசீதோடு வந்து கையெழுத்துப்போட ஆள் இருக்காது. நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

பின்னாளில் சட்டமும் மாறியது. அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விட வழி வந்தது (மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக). 2024 ஜூலை முதல், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இப்போது இந்த இரண்டு வழியும் இல்லை.

‘இந்த வழக்கறிஞர்கள் குற்றவாளிகளைத் தப்பவைக்கிறார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள். ஜாமீனில் வந்தாலும் வழக்கு நடக்கும், குற்றம் நிரூபணமானால் தண்டனையும் உண்டு.