தோட்டத்து மண்டபத்தில் அறிவியல் பேசுவது எப்படி? கேள்வி பதில்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத் தோட்டங்களுக்குப் பேச வரும் ஆய்வாளர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஒத்திகை பார்த்துக் கொடுப்பது, தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த வேலை. அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கும், அவர்கள் பேச்சைக் கேட்டவர்கள் அனுப்பிய ஒரு கேள்விக்கும் இங்கே பதில்.

கேள்வி (ஆய்வு மாணவி, ஸ்கூடாய்): டீச்சர், செம்பனையின் (எண்ணெய்ப் பனை) அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மா என்ற பூஞ்சை நோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றி ஆய்வு செய்கிறேன். கோயில் மண்டபத்தில் கால் மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

மரத்தடியிலிருந்து தொடங்கும்மா. அடிமரத்தில் ஒட்டியிருக்கும் அந்தக் காளானை உன்னைவிட அதிகம் பார்த்தவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். குருத்துகள் விரியாமல் ஈட்டி மாதிரி நிற்பதும், பிறகு ஒரு காற்றில் மரம் சாய்வதும் அவர்களுக்குத் தெரியும். "உங்க பக்கம் எந்த இடத்துல அதிகமா விழுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. குலை வெட்டுகிற அண்ணன் ஒருவர் வாய் திறந்தால் மற்றவர்களும் பேசுவார்கள், உன் ஆய்வேட்டில் இல்லாத விவரமும் வரும். அப்புறம் உன் செய்தி: வெளியே இலையில் அறிகுறி தெரியும்போது அடித்தண்டின் உள்ளே பாதியாவது அழுகிப் போயிருக்கும், அதனால்தான் அதற்கு முன்பே பிடிக்கப் பார்க்கிறோம். இது ஒன்று போதும். டிஎன்ஏ பிரித்தெடுத்த முறையை உன் மேற்பார்வையாளருக்குச் சொல்லிக்கொள்.

"மருந்து இருக்கா?" என்று கட்டாயம் கேட்பார்கள். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை என்பதை அவர்கள் கேட்கும் முன் நீயே சொல்லிவிடு. கடைசிவரை மறைத்து வைத்தால் பேச்சு முழுக்க விற்பனைப் பேச்சாகத் தெரியும்.

கேள்வி (விரிவுரையாளர்): தோட்டத்து மக்களுக்கு இதெல்லாம் புரியுமா? எவ்வளவு தூரம் எளிமைப்படுத்துவது?

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு காலத்தில் செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தை மனிதர்கள்தான் கையால் தூவினார்கள். மகரந்தத்தை டால்க் பொடியோடு கலந்து பூப்பூவாக ஊதிக்கொண்டு போன வேலை அது. 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டை, எலெய்டோபியஸ் கேமருனிக்கஸ், இதே குளுவாங்கில் ஒரு தோட்டத்தில் விட்டார்கள். வண்டு பரவிய பிறகு கை மகரந்தம் தேவையில்லாமல் போயிற்று. ஒரே மரத்தில் ஆண் பூ எது, பெண் பூ எது, மலரும்போது வரும் சோம்பு வாசம் எப்படி என்று பூவோடு வேலை செய்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் "வெளிநாட்டு வண்டு நம்ம பயிரைத் தின்னாதா?" என்று யாராவது கேட்பார்கள். விஞ்ஞானிகளும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். வேறு பயிர்களில் அது வாழுமா என்று சோதித்து, இங்கே தனிமைப்படுத்தி வைத்துப் பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். உங்கள் ஆய்விலும் மக்களின் கேள்வியும் உங்கள் கேள்வியும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கும். அங்கே கூடுதல் நேரம் செலவழியுங்கள்.

கேள்வி (கிளினிக் மருத்துவர்): டிங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு போதும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றுகிறது. எப்படி மறுப்பது?

"சுத்தப் பொய்" என்று எழுதிவிடாதீர்கள், டாக்டர். அந்தச் சாற்றைக் குடித்த டிங்கி நோயாளிகளுக்கு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வேகமாக ஏறியதாக நம் நாட்டு ஆய்வாளர்களே 2013-இல் வெளியிட்டிருக்கிறார்கள். யாராவது அதை எடுத்துப் போட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் சரியான விஷயமும் எடுபடாது.

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தட்டணு ஏறியது உண்மை. உயிரைக் காப்பாற்றியது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. டிங்கியில் பெரிய ஆபத்து இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதில் இருக்கிறது, அது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வருகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு, சாறு வேலை செய்யுது" என்று வீட்டில் நிம்மதியாகும் அதே நேரம்! இதை முதல் வரியில் போடுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் உடனே மருத்துவமனை என்பது இரண்டாவது வரி. சாறு அரைத்துக் கொடுத்த அத்தையைக் கிண்டல் செய்ய வேண்டாம். பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லப் போகிறவரும் அவர்தான்.

கேள்வி (ஆய்வாளர்): "இன்னும் உறுதியாகத் தெரியவில்லை" என்று சொன்னால் நம்பிக்கை போய்விடாதா?

நிப்பா வைரஸ் நோயை நினைத்துப் பாருங்கள். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் தொடங்கி, பிறகு நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வரை பரவியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் முடிவுகட்டி, கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். குழந்தைகளைவிடப் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்களே அதிகம் நோயுற்றார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் பன்றியிலிருந்து தொற்றுவது தெளிவானது. நம் நாட்டில் 265 பேருக்குத் தொற்றி, 105 பேர் இறந்தார்கள்.

முதல் கணிப்பு தவறியதில் வியப்பில்லை, புதிய நோய். ஆனால் உறுதியாகச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினால் மக்கள் இரண்டாவது சொல்லையும் சந்தேகிப்பார்கள். ஆகவே இன்று தெரிந்தது இது, தெரியாதது இது, அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது இது, மறுபடி இந்த நாளில் வந்து சொல்கிறோம் என்று பேசுங்கள். அந்த நாளில் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் போய் நில்லுங்கள்.

கேள்வி: ஸ்லைடு எத்தனை வைக்கலாம்?

மண்டபத்தில் வெளிச்சம் அதிகம், திரை தெரியாது. அழுகிய தண்டின் ஒரு துண்டைக் கொண்டு போங்கள்.

கேள்வி (முனைவர் பட்ட மாணவர்): நாளிதழ் நிருபர் கூப்பிட்டார். அச்சாகும் முன் கட்டுரையைக் காட்டச் சொல்லலாமா?

முழுதாகக் காட்ட மாட்டார் தம்பி, காட்ட வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. எண்களையும், நீ சொன்னதாகப் போடும் வரிகளையும் படித்துக் காட்டச் சொல், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். தலைப்பை வேறொருவர் வைப்பார், அதனால் "ஆபத்து இருமடங்கு" போன்ற தீனியைக் கொடுக்காதே. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வந்தது இப்போது இருவருக்கு வருகிறது என்று சொல். இன்னும் வெளியாகாத முடிவு என்றால் மேற்பார்வையாளரைக் கேட்காமல் வாயே திறக்காதே.

கேள்வி (தோட்டத்துவாசி): இரத்தம் எடுக்கிறார்கள், படிவம் நிரப்புகிறார்கள், அப்புறம் ஆளையே காணோம். நாங்கள் என்ன செய்வது, டீச்சர்?

உங்கள் கோபம் நியாயம். ஆய்வாளர்களே, இதைப் படியுங்கள். பேச்சுப் பயிற்சிக்கு என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, போன தடவை விவரம் வாங்கிய தோட்டத்துக்கு முடிவைச் சொன்னீர்களா என்பதுதான். ஐயா, அடுத்த முறை கையெழுத்துப் போடும் முன் மூன்று கேளுங்கள்: முடிவை எங்களுக்கு யார் வந்து சொல்வார், எப்போது, தமிழில் சொல்வாரா? விருப்பமில்லை என்றால் பாதியில் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு, பொதுவாகப் படிவத்திலேயே அது இருக்கும். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள், தொடர்பு எண் அதில்தான் இருக்கும்.