குழுவில் ஒருவருக்குத் தீராத நோய் இருக்கிறது. மேலாளராக நான் எப்படித் துணை நிற்பது?

உங்கள் குழுவில் நன்றாக வேலை பார்க்கும் ஒருவருக்கு நீண்டகால நோய் இருப்பது இப்போதுதான் தெரியவந்தது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முடக்கு வாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய், வந்து 11 வருடம் ஆகிறது. இப்போது நானும் ஒரு குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்த நோய்கள் நேற்று இருந்தமாதிரி இன்று இருக்காது. நேற்று மாடிப்படி ஏறி வந்திருப்பேன், இன்று தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திருக வராது. "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?" என்று கேட்பார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அப்படிக் கேட்கக் கேட்க, நல்ல நாளில் படியேறும்போதுகூட யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

முடக்கு வாதத்தில் காலையில் எழுந்ததும் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். ஒரு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும். விரல் மடங்காது, சட்டைப் பொத்தான் போடவே இருபது நிமிடம் ஆகும். முன்பு வேலை பார்த்த இடத்தில் தினமும் 9 மணிக்குக் கூட்டம். தாமதமான நாளெல்லாம் வண்டி பழுது, வழியில் நெரிசல் என்று பொய் சொன்னேன். வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வேறு, எனக்கு மறுநாள் முழுக்கக் குமட்டலும் அசதியும் தரும். அலுவலகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்து, மருத்துவரிடம் கேட்டு அதைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு வருடம் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் படுக்கையிலேயே போயின.

அடுத்து வந்த மேலாளர், நான் நன்றாக இருந்த ஒரு நாளில் கூப்பிட்டு உட்காரவைத்தார். என்ன நோய், என்ன மருந்து என்று எதுவும் கேட்கவில்லை. "எந்த வேலை, எந்த நேரம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டோம். கூட்டம் 11 மணிக்குப் போனது. முடியாத நாளில் வீட்டிலிருந்தே வேலை. அதற்கு ஒரு வரிச் செய்தி போதும், காரணம் எழுத வேண்டாம். விரல் வலித்தால், நான் பேசுவதைத் தானே எழுதிக்கொள்ளும் மென்பொருள். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டோம். அன்றோடு பொய் சொல்வது நின்றது.

நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். நல்ல நாளிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். வலியோடு ஒருவர் உங்கள் முன்னால் வந்து நின்று, நோயை நிரூபித்து, அனுமதி வாங்கும் நிலை வரவே கூடாது.

என் குழுவில் ஒருவருக்கு முதல் வகை நீரிழிவு. ஒருமுறை கூட்டத்தின் நடுவே அவருக்கு வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது, சிடுசிடுத்தார். கோபம் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருந்தது. அப்படி இறங்கினால் 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸோ சர்க்கரையோ உடனே சாப்பிட வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, அவசர உதவியை அழைக்க வேண்டும். இது யாருக்கெல்லாம் தெரிந்திருக்கலாம் என்று அவரிடமே கேட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் போதும் என்றார். அதற்கு மேல் யாருக்கும் நான் சொல்லவில்லை. நீங்களும் அவர் அனுமதி இல்லாமல் யாரிடமும் வாய் திறக்காதீர்கள்.

அப்புறம், பரிதாபப்பட்டு முக்கியமான வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது, நோயைவிட அது வலித்தது. வைத்தியமும் சொல்லாதீர்கள். ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்குப் பாராட்டு என்று ஏதாவது இருந்தால் அதை நிறுத்தப் பாருங்கள்.

இதைச் சலுகை என்று மேலிடத்தில் யாராவது சொன்னால், உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான வசதியை, அதாவது ஒருவர் நிலைக்கு ஏற்பச் செய்து தரக்கூடிய மாற்றங்களை, மறுப்பதையே பாகுபாடு என்கிறது. அமெரிக்கா தன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை 2008-ல் திருத்தியபோது, விட்டு விட்டு வரும் நோயும், வந்திருக்கும் நேரத்தில் பெரிய தடையாக இருந்தால் அதில் அடங்கும் என்று தெளிவாகவே எழுதியது.

எழுதிய அந்தப் பக்கத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மருந்து மாறும், நோயும் மாறும். என்னுடையதில் இப்போது காலை நேரம் என்ற வரியை அடித்துவிட்டோம். புது மருந்தில் காலை பரவாயில்லை, மாலையில்தான் கை ஓய்ந்துபோகிறது.