அந்தத் தோம்பில் தண்ணீர் பிடிக்க வேண்டாம்

கேள்வி: தோட்டத்து லயத்தை விட்டு பகாவ் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வரும்போது மாமியார் மூன்று மருந்துத் தோம்புகளையும் (களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த காலி பிளாஸ்டிக் கலன்கள்) கொண்டு வந்துவிட்டார். சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து, குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று நிரப்பி வைக்கிறார். அந்தத் தண்ணீரில்தான் சோறு வேகிறது. “நாப்பது வருசமா இப்படித்தான், யாருக்கு என்ன ஆச்சு?” என்கிறார். கழுவினால் போதாதா? (வாசகி, பகாவ்)

பதில்: போதாது, தங்கச்சி. அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு எடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

நான் ஒரு தோட்டத்து மருந்து ஸ்டோரில் 23 வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன். ஒருமுறை களைக்கொல்லித் தோம்பு ஒன்றை மூன்று நாள் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். நெடி போய்விட்டது. சரி, சுத்தமாகிவிட்டது என்று மூடியைத் திருகி ஓரமாக வைத்தேன். மறுநாள் மத்தியானம், தகரக் கூரை கொதிக்கும் நேரம், மூடியைத் திறந்தால் பழைய நெடி அப்படியே முகத்தில் அடித்தது. பாராங் கத்தியை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள்சுவர் முழுக்க லேசான நீலப் பச்சை. கையுறை போட்டுக்கொண்டு ஆணியால் சுரண்டினேன். தூள் வந்தது, தூளும் பச்சை. கறை பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கவில்லை, உள்ளேயே இறங்கியிருந்தது.

அந்த நிறம் பாராகுவாட் என்ற களைக்கொல்லியில் சேர்த்த சாயம். யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாது என்று சாயமும், நாற்றமும், வாந்தி எடுக்க வைக்கும் மருந்தும் அதில் கலந்திருந்தார்கள். ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகலாம், முறிமருந்து கிடையாது. 2020 ஜனவரி 1 முதல் நம் மலேசியாவில் அதற்குத் தடை. ஆனால் அதற்கு முன்பு வந்த தோம்புகள் இன்னும் எத்தனையோ வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் இருப்பது அதுவா, வேறு மருந்தா என்று லேபிள் கிழிந்த பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மாமியார் கேட்பது நியாயமான கேள்விதான். லயத்தில் ஒருவருக்கு உடம்பு கெட்டால், எதனால் என்று யார் தேடினார்கள்? எழுதி வைத்தவர் யாரும் இல்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை.

காலித் தோம்பை மூன்று முறை கழுவ வேண்டும் என்று ஒரு விதி உண்டு. பலர் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது தோம்பை வீட்டுக்குக் கொண்டுபோக இல்லை, பாதுகாப்பாக அப்புறப்படுத்த. மருந்து கலக்கும் இடத்திலேயே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் பம்பிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் ஓட்டை போட வேண்டும். யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஓட்டை. ஓட்டை போடாமல் விட்ட தோம்புதான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதில் என்னைப் போன்ற ஸ்டோர்காரர்களின் குற்றமும் இருக்கிறது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

இனி அவற்றை என்ன செய்வது? பழைய பேப்பர் லோரிக்கு விற்காதீர்கள். அது யார் வீட்டில் எண்ணெய்த் தோம்பாகத் திரும்பும் என்று தெரியாது. எரிக்காதீர்கள். உள்ளே மிச்சம் இருந்தால் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மருந்து ஒட்டிய கலன் சட்டப்படி அட்டவணைக் கழிவு, அதாவது தனியாக அப்புறப்படுத்த வேண்டிய ஆபத்தான கழிவு; அதற்கு எஸ்டபிள்யூ 409 என்று தனிக் குறியீடே உண்டு. தோட்டத்து ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். செம்பனைத் தோட்டங்களுக்கு 2020 முதல் எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றிதழ் கட்டாயம் என்பதால், காலித் தோம்புகளை என்ன செய்தோம் என்று ஆடிட்டில் அவர்கள் காட்ட வேண்டியிருக்கிறது. அங்கே முடியாது என்றால் மாநிலச் சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் போன் செய்யுங்கள்.

மாமியாரிடம் வெறுங்கையோடு போய், “தூக்கிப் போடுங்க அத்தை” என்றால் நடக்காது. உணவுப் பொருளுக்கென்று விற்கும் புதுத் தோம்பு இரண்டு வாங்கி, தண்ணீர் நிரப்பி, அடுப்படியில் வைத்துவிட்டு அப்புறம் பேச்சை எடுங்கள். தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவர் அவர். வீட்டில் தண்ணீர் இல்லாமல் போய்விடும் என்ற பயம்தான் அவரை அப்படிப் பேச வைக்கிறது.

கேள்வி: எங்கள் கோயில் இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு மறுசுழற்சிப் பொருள்கள் சேகரிக்கப் போகிறோம். எதை வாங்கலாம்? ஆட்கள், “குப்பை லோரி எல்லாத்தையும் ஒண்ணாத்தானே அள்ளுது, எதுக்குப் பிரிக்கணும்?” என்கிறார்கள். (வாசகர், பத்து கீக்கிர்)

பதில்: நல்ல காரியம் தம்பி, விடாதீர்கள். உங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையைப் பிரிப்பது கட்டாயம். வாரத்தில் ஒரு நாள்தான் மறுசுழற்சிப் பொருளுக்கு லோரி வரும். மற்ற நாளில் பிரித்து வைத்தாலும் ஒன்றாகத்தான் போகும். உங்கள் ஆட்கள் பார்ப்பது அதைத்தான்; கிழமையை விசாரித்து, பெரிய எழுத்தில் கோயில் பலகையில் ஒட்டுங்கள். லயத்தில் கதை வேறு. அங்கே குப்பை எடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு.

அட்டை, பேப்பர், அலுமினியத் தின், கழுவிய பிளாஸ்டிக் போத்தல், பொரித்த எண்ணெய், இவை போதும். ஆள் முன்னால் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள், பணத்தில் சந்தேகம் வந்தால் அடுத்த மாதம் யாரும் வர மாட்டார்கள். பழைய கைப்பேசியையும் பேட்டரியையும் அட்டைக் குவியலில் விடவே விடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, தனி வாளியில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் மையத்தில் சேருங்கள். குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் பேப்பரில் சுற்றி வையுங்கள். டயர், தின் எதையும் மழையில் போட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு வளர ஒரு வாரம் போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். செம்புக்காகப் பையன்கள் ஒயரை எரிக்கிறார்கள். அந்தக் கறுப்புப் புகையில் டையாக்சின் வரும். யார் செய்தாலும் நிறுத்துங்கள், ஒயரை உரிக்காமல் அப்படியே விற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. நீரிழிவு மாத்திரைகளும் இன்சுலின் ஊசிகளும் ஒரு பை நிறைய இருக்கின்றன. குப்பையில் போட மனம் வரவில்லை. (வாசகி, கோல பிலா)

பதில்: உங்கள் மனம் சொல்வது சரி. மிச்ச மருந்தை அரசாங்க கிளினிக் அல்லது மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம், வாங்கிக்கொள்வார்கள். மாத்திரையை அட்டையோடு அப்படியே கொண்டு போங்கள். இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஊசிகளைத் தடித்த சோப்புத் தூள் டப்பாவில் போட்டு, மூடி, சுற்றி டேப் ஒட்டி, மேலே “ஊசி” என்று எழுதி அதே கிளினிக்கில் கேளுங்கள். குப்பைப் பையில் கை விடுகிற அந்தத் தொழிலாளிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.