பிக்கப் வண்டிக்கு ரீமேப்பா, பெட்டியா? முதலில் டயரைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 3 லிட்டர் டர்போ டீசல் பிக்கப் வண்டி இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது, வாரண்டி முடிந்துவிட்டது. சென்ற ஆண்டு 30 அங்குல டயர்களுக்குப் பதிலாக 33 அங்குல டயர்கள் மாட்டினேன். அதிலிருந்து வண்டி மந்தமாகிவிட்டது, மைலேஜும் இறங்கிவிட்டது. ஒன்றரை டன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது கியர் மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருக்கிறது. பெடல் பாக்ஸ், டியூனிங் பாக்ஸ், நாமே மாட்டி மென்பொருள் ஏற்றும் கைக்கருவி, பட்டறையில் எஞ்சின் கணினியின் மென்பொருளைத் திருத்திச் செய்யும் ரீமேப் என நான்கு வழிகள் சொல்கிறார்கள். புகைக்குழாயில் இருக்கும் துகள் வடிகட்டியையும் எடுத்துவிட்டால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்கிறார் ஒருவர். எதைச் செய்யலாம்?

பதில்: வண்டி எப்போதிலிருந்து மந்தமானது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். டயர் மாற்றிய நாளிலிருந்து. அப்படியிருக்க, எஞ்சின் கணினியின் மேல் ஏன் பழி விழுகிறது?

33 அங்குல டயர் ஒரு சுற்றில் பழைய டயரைவிட 10 சதவீதம் அதிக தூரம் உருளும். எஞ்சினும் கியரும் மாறவில்லை. சாலையில் கிடைக்கும் இழுவை மட்டும் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்துவிட்டது. பெரிய டயரின் கூடுதல் எடை வேறு. கியர்பாக்ஸ் கணினியோ பழைய டயருக்கென்று வகுத்த கணக்கின்படியே மேல் கியரைப் போடுகிறது, இழுவை போதாமல் கீழ் கியருக்கு இறங்குகிறது, மறுபடி மேல் கியரைப் போடுகிறது. மேட்டில் நீங்கள் பார்க்கும் தடுமாற்றத்தில் பெரும்பங்கு இதுதான். ஸ்பீடோமீட்டரும் இப்போது குறைத்துக் காட்டும். முள் 100இல் நிற்கும்போது வண்டி கிட்டத்தட்ட 110இல் போய்க்கொண்டிருக்கும். ஓடிய தூரமும் அதே அளவுக்குக் குறைவாகப் பதிவாவதால், இறங்கிவிட்டது என்று நீங்கள் சொல்லும் மைலேஜில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை.

இதற்கு நேரான மருந்து, எஞ்சின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பல்விகிதத்தை மாற்றுவது. 3.73 விகிதம் இருந்த இடத்தில் 4.10 போட்டால் இழந்த அந்த 10 சதவீதம் அப்படியே திரும்பிவிடும். செலவும் வேலையும் அதிகம், நான்கு சக்கர இயக்கம் இருந்தால் முன்னும் பின்னும் மாற்ற வேண்டும் என்பதால் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் டயர் தின்ற இழுவையை டீசலை ஊற்றி மீட்கத்தான் டியூனிங் கேட்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்கட்டும்.

இனி அந்த நான்கு வழிகளுக்கு வருவோம்.

பெடல் பாக்ஸைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்றைய வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் எஞ்சினுக்கும் இடையில் கம்பி இல்லை, மின்சமிக்ஞைதான். நீங்கள் 30 சதவீதம் அழுத்தினால் 50 சதவீதம் என்று இந்தப் பெட்டி எஞ்சினிடம் சொல்லும். பெடல் துடிப்பாகத் தோன்றும். முழுக்க அழுத்தும்போது கிடைக்கும் திறனில் ஒரு துளியும் கூடாது. பெடலின் தாமதம் மட்டும் எரிச்சலூட்டுகிறவர்களுக்கு இது போதும்; டிரெய்லர் இழுப்பவருக்கு இதனால் பயனில்லை.

டியூனிங் பாக்ஸ் கொஞ்சம் தந்திரமான பொருள். காமன் ரெயில் எஞ்சினில் டீசல், ரெயில் எனும் ஒரு குழாயில் மிக உயர்ந்த அழுத்தத்தில் காத்திருக்கும். அந்த அழுத்தத்தை ஒரு சென்சார் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தப் பெட்டி நடுவில் புகுந்து, உண்மையில் 1,600 பார் (அழுத்த அலகு) இருக்கும்போது 1,450 என்று சொல்லும். கணினி பதறிப்போய் அழுத்தத்தை ஏற்றும். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாததால் டீசல் கூடுதலாகப் பாயும். பெட்டியின் வித்தை இவ்வளவுதான்.

இதில் இரண்டு கணக்குகளை விற்பவர்கள் சொல்வதில்லை. முதலாவது, டீசல் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். அழுத்தம் 10 சதவீதம் ஏறினால் டீசல் ஏறத்தாழ 5 சதவீதம்தான் கூடும். 20 சதவீதம் அதிக டீசல் வேண்டுமென்றால் அழுத்தத்தை 44 சதவீதம் ஏற்ற வேண்டும். 1,600 பார் 2,300ஐத் தொட்டுவிடும். உங்கள் பம்பும் இன்ஜெக்டரும் அதற்காகச் செய்யப்பட்டவையா? ஆகவே, ரெயில் அழுத்தத்தை மட்டும் தொடும் பெட்டியின் மேல் "30 சதவீதம் கூடுதல் திறன்" என்று அச்சிட்டிருந்தால் அட்டையைப் படித்துச் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தையும் டர்போ அழுத்தத்தையும் சேர்த்துக் கையாளும் விலை உயர்ந்த பெட்டிகளும் உண்டு. அவை இதைவிட நாகரிகமாக நடந்துகொள்ளும்.

இரண்டாவது கணக்கு எனக்குப் பிடித்தமானது. கணினிக்குப் பொய் சொல்லப்பட்டிருப்பதால், தான் குறைவான டீசலைத்தான் செலுத்துகிறோம் என்று அது நம்புகிறது. டாஷ்போர்டில் தெரியும் மைலேஜ் அந்த நம்பிக்கையிலிருந்து வருவது. எனவே பெட்டியை மாட்டிய மறுநாளே திரையில் மைலேஜ் கூடிவிடும், பெட்ரோல் பங்க்கில் போடும் டீசல் குறையாமலே! பெட்டி வாங்கியவர்கள் பூரித்துப்போய்ச் சொல்லும் சாட்சியங்களில் பலவும் இந்தத் திரையைப் பார்த்துப் பிறந்தவை. டாங்கை முழுதாக நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். உங்கள் விஷயத்தில் டயர் பிழையையும் சேர்த்து.

கைக்கருவியும் பட்டறை ரீமேப்பும் ஒரே குடும்பம். இரண்டும் கணினியை ஏமாற்றுவதில்லை. அதற்குள் இருக்கும் மேப்களையே திருத்துகின்றன. பெடலை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு முறுக்குவிசை, அதற்கு எவ்வளவு டீசல், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும், புகை வராமலிருக்க எங்கே நிறுத்த வேண்டும் என்ற அட்டவணைகள் அவை. கைக்கருவியை, வண்டியின் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகினால், பொதுவாக எழுதப்பட்ட கோப்புகளில் ஒன்றை நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். பாரம் இழுக்க ஒன்று, சிக்கனத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று இருக்கும். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே வண்டியோடுதான் கட்டுண்டிருக்கும். நண்பரிடம் இரவல் வாங்கி ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். இத்தகைய கருவிகள் பலவற்றில் டயர் அளவையும் டிஃபரன்ஷியல் விகிதத்தையும் திருத்தும் வசதி உண்டு. உங்களுக்கு அதுதான் பொன்னான பகுதி. குதிரைத்திறன் அதற்கு அடுத்ததுதான்.

பட்டறை ரீமேப்பில் உங்கள் வண்டியின் கோப்பையே படித்து, டைனோ எனும் திறன் அளக்கும் கருவியிலும் சாலையிலும் ஓட்டிப் பதிவுகளைப் பார்த்துத் திருத்துவார்கள். அதாவது, நல்ல பட்டறையில் அப்படிச் செய்வார்கள். மற்ற இடங்களில் எங்கிருந்தோ வாங்கிய கோப்பை ஏற்றிவிட்டு "உங்களுக்கென்றே செய்தது" என்பார்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அதே டைனோவில் எடுத்த வரைபடத்தைத் தருவீர்களா? முழித்தால் வெளியே வந்துவிடுங்கள். சில புதிய வண்டிகளில் கணினி பூட்டப்பட்டிருக்கும். சாக்கெட் வழியாக எழுத முடியாமல் கழற்றி மேசையில் வைத்துத் திறக்க வேண்டியிருக்கும். அதில் கைப்பழக்கம் உள்ளவரிடமே கொடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. எஞ்சின் கணினி தான் எவ்வளவு முறுக்குவிசை தருகிறது என்று கியர்பாக்ஸ் கணினிக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை நம்பித்தான் கியர்பாக்ஸ் தன் உள் கிளட்ச்சுகளை இறுக்கிப் பிடிக்கிறது. இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை மட்டும் நீட்டி வேலையை முடிக்கும் சோம்பேறி ரீமேப்பில், எஞ்சின் 500 நியூட்டன் மீட்டர் தந்துகொண்டு 420 என்று சொல்லும். கியர்பாக்ஸ் 420க்கான பிடியைத்தான் கொடுக்கும். கிளட்ச் வழுக்கும், எண்ணெய் கருகும். டியூனிங் பாக்ஸிலும் இதே ஆபத்துதான். எஞ்சின் திடமாக இருக்க, கியர்பாக்ஸ் மட்டும் செத்துப்போன வண்டிகளைப் பார்க்கும்போது முதலில் எனக்கு வரும் சந்தேகம் இதுதான். முறுக்குவிசைக் கணக்கையும் சேர்த்துத் திருத்துவீர்களா என்று கேளுங்கள்.

எவ்வளவு ஏற்றலாம்? டர்போ டீசலில் முறுக்குவிசையை 20, 30 சதவீதம் வரை கூட்ட முடியும். பாரம் இழுப்பவருக்கு நான் 15 சதவீதத்துக்கு மேல் பரிந்துரைப்பதில்லை. காரணம் வெப்பம். காலி வண்டியில் முந்திச் செல்லும்போது எஞ்சின் முழுத்திறனில் இருப்பது சில நொடிகள். டிரெய்லரோடு மேடு ஏறும்போது பத்து நிமிடம். டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பம் 700 டிகிரி செல்சியஸை ஒட்டித் தொடர்ந்து நின்றால் பிஸ்டனும் டர்போவும் சேதமாகலாம். வெப்பமானி ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். கைக்கருவியின் 'வேக' கோப்போடு டிரெய்லரைக் கட்டவே கட்டாதீர்கள்.

வடிகட்டியை எடுத்துவிடச் சொன்னவரிடம் மறுபடி போக வேண்டாம். அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டப்படி அதற்குத் தடை உண்டு; பத்து ஆண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் கணக்கிட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, நன்கு எழுதிய மிதமான ரீமேப்புக்கு வடிகட்டி தடையே இல்லை. புகை கக்கினால்தான் திறன் வரும் என்பவர், எரியாத டீசலை உங்கள் காசில் வானத்துக்கு அனுப்புகிறார்.

உங்களுக்கு வாரண்டிக் கவலை இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய கோப்பைத் திரும்ப ஏற்றிவிட்டால் தடயம் இருக்காது என்று நம்பாதீர்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல கணினிகள் தமக்குள் வைத்திருக்கின்றன. மாறாக, சர்வீஸ் மையத்தில் மென்பொருளைப் புதுப்பித்தால் நீங்கள் காசு கொடுத்து ஏற்றிய ரீமேப் அழிந்துபோகவும் கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கைக்கருவி கொண்டோ பட்டறையிலோ முதலில் டயர் அளவை மட்டும் திருத்துங்கள். ஏர் ஃபில்டர், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களில் கசிவு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கணினி செய்துகொள்ளும் திருத்த அளவுகள், கியர்பாக்ஸ் எண்ணெய் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 1,10,000 கிலோமீட்டரில் ஒரு குழாய் விரிசலே பாதித் திறனை விழுங்கியிருக்கலாம். பிறகு அதே டிரெய்லரோடு, பாரம் இழுக்கும் முறை உங்கள் கியரில் இருந்தால் அதைப் போட்டு, அதே மேட்டில் ஏறிப் பாருங்கள். கியர் இன்னும் தடுமாறினால், பல்விகிதத்துக்கும் மிதமான ரீமேப்புக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள். ரீமேப் என்று முடிவானால், எழுதும்போது பேட்டரியோடு நிலையான மின் இணைப்பு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், நடுவில் மின்னழுத்தம் விழுந்தால் கணினி செயலற்றுப்போகும். வண்டியின் அசல் கோப்பின் பிரதி ஒன்றைக் கையோடு வாங்கிக்கொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.