துணிவு 68 இருந்தும் நாயகி ஏன் தோற்றாள்?

கேள்வி: கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவரின் மகளை நாயகியாக வைத்து, வாசகரே முடிவெடுத்து நடத்திச் செல்லும் கிளைக்கதை விளையாட்டு ஒன்றை, அதற்கென உள்ள எளிய நிரல்மொழியான சாய்ஸ்ஸ்கிரிப்ட்டில் எழுதி வருகிறேன். துணிவு, பொறுமை, சாமர்த்தியம், அறிவு, அன்பு, உடல்வலிமை என ஆறு பண்புகள் 50இல் தொடங்குகின்றன. ஒவ்வொரு தெரிவும் ஏதேனும் ஒன்றை 20 சதவீதம் உயர்த்துகிறது. எட்டுத் தெரிவுகளுக்குப் பின் தோட்டத்தில் காட்டெருமை எதிர்ப்படுகிறது. துணிவு 70 இல்லாவிட்டால் நாயகி இறந்துவிடுவாள். விளையாடிப் பார்த்த என் தம்பி, தைரியமாக நடந்தும் தோற்றதாக வருந்துகிறான். எண்ணைக் குறைத்தால் போதுமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: தம்பியின் வருத்தம் நியாயமானது. சாய்ஸ்ஸ்கிரிப்ட்டின் சதவீதக் கூட்டலில், 100ஐ எட்ட இன்னும் எவ்வளவு மீதமிருக்கிறதோ அதில்தான் சதவீதம் கணக்கிடப்படும். ஆகவே 50இல் இருப்பவர் முதல் தெரிவில் 60க்கும், மீதமுள்ள 40இல் 20 சதவீதமான 8ஐச் சேர்த்து அடுத்த தெரிவில் 68க்கும், மூன்றாவதில்தான் 74க்கும் போகிறார். 90ஐத் தொட்டுவிட்டவருக்கு அதே தெரிவு வெறும் 2ஐத்தான் தரும். எட்டுத் தெரிவுகளை ஆறு பண்புகள் பங்கிட்டுக்கொள்ளும் கதையில், இருமுறை துணிந்து நின்ற தம்பி 68இல் நின்று, இரண்டே எண்களில் உயிரை இழந்திருக்கிறான்.

எண்ணை 60 ஆக்கினால் இந்தக் கணக்கு சரியாகிவிடும். ஆனாலும் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. சாமர்த்தியத்துக்கும் அறிவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு உங்கள் மனத்தில் தெளிவாக இருக்கலாம்; தெரிவுகளைப் படிக்கும் வாசகருக்கோ, எதைத் தொட்டால் எது உயரும் என்பது தெரியாது. ஒரு தாளில் ஆறு பண்புகளையும் எழுதி, ஒவ்வொன்றையும் எத்தனை தெரிவுகள் உயர்த்துகின்றன, எத்தனை இடங்களில் அது சோதிக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒருமுறைகூடச் சோதிக்கப்படாத பண்பை நீக்கிவிடலாம். இந்த அளவுள்ள கதைக்கு மூன்று பண்புகள் தாராளம்.

இதைவிட முக்கியமானது, அந்த இடத்தில் எந்தப் பண்பைச் சோதிப்பது என்பது. தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமையைக் கண்டால் நம் மலையில் யாரும் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதில்லை. சத்தமில்லாமல் பின்வாங்கி, அது தானே நகரும்வரை காத்திருப்பார்கள். அங்கே தேவைப்படுவது நிதானம். ஆகவே துணிவையும் நிதானத்தையும் ஒரே எண்ணின் இரு முனைகளாக அமைத்துப் பாருங்கள்: 100ஐ நோக்கிப் போனால் துணிவு, 0ஐ நோக்கிப் போனால் நிதானம். எண் 40க்குக் கீழே இருந்தால் நாயகி காட்டெருமையிடமிருந்து தப்பட்டும். கொழுந்தின் எடையைக் குறைத்து எழுதுபவரிடம் வழக்காடும் இடத்தில் 60க்கு மேல் இருந்தால் வெல்லட்டும். அப்போது எந்த வழியில் வளர்ந்த நாயகிக்கும் அவளுக்குரிய வெற்றி ஒன்று கதையில் காத்திருக்கும்.

தோல்விக்கு மரணத்தைத் தண்டனையாக வைக்காதீர்கள். பதறிய நாயகி கொழுந்து மூட்டையைப் போட்டுவிட்டு ஓடட்டும். அன்றைய நிறுவைக்கு வெறுங்கையோடு போகட்டும். அந்த வாரக் கடனை அம்மா எப்படி அடைக்கிறார் என்பது வெற்றி பெற்றவர் காணாத ஓர் அத்தியாயமாகட்டும். தோற்ற வாசகருக்கும் படிக்கக் கதை இருந்தால் அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பிப்போய்ப் பொய்யாக விளையாட மாட்டார். எழுதும் வேலை இதனால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

கேள்வி: நிலையான எண்ணுக்குப் பதிலாகப் பகடையை உருட்டலாமா?
- வாசகர், குன்னூர்

பதில்: உருட்டலாம், கணக்குத் தெரிந்து உருட்டுங்கள். பண்புக்கு 7, 9 போன்ற சிறு எண்ணைக் கொடுத்து, பகடையில் விழுவது அந்த எண்ணைத் தாண்டாவிட்டால் வெற்றி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்குக் கீழே விழ 36இல் 21 வாய்ப்புகள், அதாவது சுமார் 58 சதவீதம். 9 அல்லது அதற்குக் கீழே என்றால் 36இல் 30, சுமார் 83 சதவீதம். பண்பை இரண்டே புள்ளிகள் உயர்த்தினால் வெற்றிவாய்ப்பு இவ்வளவு தாவுகிறது. சண்டைக் காட்சிகளுக்கு இது பொருந்தும். நெடுநேரம் தெரிவு செய்து உருவாக்கிய குணம் கதையைத் திருப்பும் கட்டத்தில் மட்டும் நிலையான எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.