உறையைப் பிரிக்க விடாத கடையில் கியூ வாங்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூல் கியூ, அதாவது பூல் மேசையில் பந்தை அடிக்கிற தடி, பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரருக்கென்று போட்ட மேசைகளில் சீசன் முடிந்ததும் எங்கள் பெடியள் கை வைக்கிறார்கள், இரண்டு மாதம் போனதும் சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. பிழையில்லை. எனக்கும் ஒரு காலத்தில் வந்தது, அந்த வெட்கக்கேட்டைக் கீழே சொல்கிறேன். கிறைண்டர், தண்ணீர் மோட்டார்க் கடிதக்காரர்கள் அடுத்த முறை வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: மூன்று மாதமாக ஒரு விடுதியில் பூல் விளையாடுகிறேன். முதல் கியூ வாங்க 15,000 ரூபா சேர்த்திருக்கிறேன். எந்தப் பிராண்ட் நல்லது? (உப்புவெளி)

பிராண்டைக் கடைசியாகக் கேளுங்கள் தம்பி. முதலில் நீங்கள் விளையாடும் மேசையில் என்ன பந்து என்று பாருங்கள். 1 முதல் 15 வரை எண் போட்டு, பாதிப் பந்தில் பட்டை இருந்தால் அது அமெரிக்கப் பூல். பந்து 57 மில்லிமீற்றர். அதற்கு 12.5 அல்லது 13 மில்லிமீற்றர் டிப், அதாவது பந்தைத் தொடுகிற நுனி, உள்ள கியூ வேண்டும். எண் எதுவும் இல்லாமல் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தால் அது இங்கிலாந்துப் பூல், பந்து அநேகமாக 51 மில்லிமீற்றர்தான், டிப்பும் 8 அல்லது 9 மில்லிமீற்றர் போதும். இதைக் கேட்காமலே கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினால் அவருக்கும் தெரியாது என்று அர்த்தம்.

நீளம் 57, 58 அங்குலம், அது வளர்ந்த ஆள் எவருக்கும் சரிவரும். பஸ்ஸில் கொண்டு திரிய வேண்டுமென்றால் நடுவில் திருகிக் கழற்றும் இரண்டு துண்டுக் கியூ எடுங்கள். முன்பாதி மேப்பிள் மரமாக இருக்கட்டும். மரத்தின் வரி நுனி வரை நேராக ஓடவேண்டும், சாய்ந்து வெளியே போகிற வரி நாளைக்கு வளைவாக மாறும். மரத்தில் நம்பிக்கை இல்லையென்றால் பைபர்கிளாஸ் போர்த்திய கியூவும் உண்டு, கைக்கு அவ்வளவு இதமில்லை, ஆனால் எங்கள் ஊர்க் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும்.

அப்புறம் டிப். தோல் டிப், பசை போட்டு ஒட்டியதாக இருக்கவேண்டும். பிளாஸ்ரிக் மூடி மாதிரிச் செருகுவதோ திருகுவதோ என்றால் கியூவைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வாருங்கள். டிப்பும் அதற்குக் கீழே உள்ள வெள்ளை வளையமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பந்தைத் தொடுகிற இடம் அந்த ஒரு துண்டுத் தோல்தான். பிடியில் உள்ள பூவும் முத்தும் பறவை நாகமும் பந்தைத் தொடுவதே இல்லை, ஆனால் மலிவுக் கியூவில் உங்கள் காசில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. ஆகவே உங்களுடைய பட்ஜெட்டில் இருப்பதிலேயே வெறுமையான பிடியுள்ளதைத் தேடுங்கள்.

15,000 ரூபாவையும் கியூவிலேயே கொட்டவேண்டாம். கொஞ்சம் மீதி வையுங்கள். மலிவுக் கியூவோடு வருகிற டிப் பெரும்பாலும் குப்பை, நடுத்தரக் கடினத்தில் ஒரு நல்ல டிப் வாங்கி, ஒட்டத் தெரிந்தவர் கையால் மாற்றிவிட்டால் அதே கியூ வேறு கியூ மாதிரி நடக்கும். இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன்: விடுதிச் சுவரில் நிற்கிற கியூக்களில் நேரானது ஒன்றைத் தேடிப் பிடித்து ஒரு மாதம் அதோடு மட்டும் விளையாடுங்கள். வாங்கும்போது உங்களுக்கு எது வேண்டும் என்று கைக்கே தெரியும்.

கேள்வி: கியூவின் பாரம் 19 அவுன்ஸா, 21 அவுன்ஸா? (சாம்பல்தீவு)

19. நீங்கள் இப்போது இருக்கும் நிலையில் வித்தியாசம் தெரியப் போவதில்லை.

கேள்வி: வாங்கி ஆறு மாதத்தில் கியூ வளைந்துவிட்டது. ஓட்டோவில் பின் சீற்றுக்குப் பின்னால்தான் எப்போதும் வைத்திருந்தேன். கடைக்காரர் மாற்றித் தர மாட்டாராம். எங்கே முறையிடலாம்? (பாலையூற்று)

உங்களிடமே. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நிறுத்தி வைத்த ஓட்டோவுக்குள் ஆள் ஐந்து நிமிடம் இருக்க முடியாது, மரத்தை ஆறு மாதம் இருக்க வைத்திருக்கிறீர்கள். மரம் வெயிலில் ஈரத்தை விடும், வாடை மழையில் திரும்பக் குடிக்கும், ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூடுதலாக. அதுதான் வளைவு. கடைக்காரர் சொன்னது சரி, எனக்கு வாயில் வர மறுக்கும் வசனம் இது. அடுத்ததைக் கழற்றி, உறையில் போட்டு, வீட்டுக்குள்ளே படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைப்பதும் வேண்டாம்.

கேள்வி: பேஸ்புக்கில் 'கார்பன் பைபர் கியூ' என்று 9,500 ரூபாவுக்குப் போட்டிருந்தார்கள். பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுத்தேன். வீட்டில் திறந்தால், கறுப்பு ஸ்ரிக்கர் ஒட்டிய மரத்தடி. பூட்டுமிடத்தில் ஸ்ரிக்கர் உரிந்து மரம் தெரிகிறது. இப்போது என் நம்பரை பிளொக் செய்துவிட்டார்கள். வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (கிண்ணியா)

வெட்கப்படவேண்டியவர் நீங்கள் இல்லை. பொய் விளம்பரம் போட்டவர் நன்றாக நித்திரை கொள்கிறார், ஏமாந்தவர் முழித்திருக்கிறார், இது என்ன நியாயம்? முதலில் வீட்டில் சொல்லுங்கள், அது பாதிச் சுமையைக் குறைக்கும்.

இனிச் செய்யவேண்டியது. கூரியர் பொதியில் ஒட்டியிருந்த துண்டை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், அனுப்பியவரின் பெயரும் நம்பரும் அதில்தான் இருக்கும். விளம்பரம், நீங்கள் பேசிய மெசேஜ்கள், விலை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அவர் உங்களை பிளொக் செய்திருந்தால் கூட்டாளி ஒருவரின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து எடுங்கள், இன்றைக்கே, நாளைக்குப் பக்கத்தின் பெயரே மாறியிருக்கும். உரிந்த இடத்தைப் படமெடுங்கள். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அழைத்து, திருகோணமலைக்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டு, எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். போனில் சொல்வதோடு விட்டுவிட வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போகவேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்பது எங்கள் சட்டத்தில் புதிதாக வந்த குற்றச்சாட்டு அல்ல, 1896 இல் வந்த பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே விவரித்தபடி பொருள் இருக்கவேண்டும் என்கிறது. காசு திரும்ப வரும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதே பக்கத்தைப் பற்றி உங்களோடு சேர்த்து நாலு கடிதம் போனால் கதை வேறு.

மற்றவர்களுக்கு: பெயருள்ள கம்பனிகளின் உண்மையான கார்பன் கியூவில் முன்பாதி மட்டுமே பல நூறு டொலர் போகும். கூரியர்ப் பொதியைத் திறக்கும்போது, முத்திரை உடைக்காத நிலையிலிருந்தே வீடியோ எடுங்கள்.

கேள்வி: நகரில் ஒரு கடையில் கியூவை உறையிலிருந்து எடுத்துப் பார்க்கக் கேட்டேன். 'காசு கட்டினால்தான் பிரிக்கலாம்' என்றார்கள். இது சரியா? (திருகோணமலை)

வாங்க, உங்களைத்தான் இவ்வளவு நாளும் தேடிக்கொண்டிருந்தேன்.

சரியே இல்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம், சேலையை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கிறோம், முன்பெல்லாம் 40 வோட்ஸ் பல்பு ஒன்றைக்கூடக் கடைக்காரர் மேசையில் இருந்த ஹோல்டரில் போட்டு எரித்துக் காட்டிவிட்டுத்தான் சுற்றித் தருவார். அது அவருக்கும் பாதுகாப்பு, 'எரிந்துதான் கொண்டு போனீர்' என்று சொல்லலாம். இப்போது ஒரு சதப் பெறுமதியில்லாத பொலித்தீனைக் காட்டி, 'பிரித்தால் புதுசு போய்விடும் அண்ணே' என்கிறார்கள். யாருக்குப் போய்விடும்? காசு கொடுத்து வீட்டுக்குப் போய் நான் பிரித்தாலும் போகத்தானே போகிறது! உறை என்பது பொருளைத் தூசியிலிருந்து காப்பாற்ற வந்தது, கடைக்காரரை வாடிக்கையாளரிடமிருந்து காப்பாற்ற அல்ல.

இந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. பல வருடங்களுக்கு முன் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு கடையில், பிடியில் பச்சைப் பறவை நாகம் வரைந்த கியூ ஒன்றைப் பார்த்து மயங்கினேன். பிரிக்க விடவில்லை. எனக்கும் இரவு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, சரி போகட்டும் என்று கொடுத்துவிட்டேன். விடிய வீட்டுக்கு வந்து சீமெந்துத் தரையில் உருட்டினேன், அது உருளவில்லை, துள்ளியது. என் மனைவி அதை ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் கொண்டுபோனாள். இன்றைக்கும் அதால்தான் முருங்கைக்காய் பறிக்கிறோம், நுனி வளைவாக இருப்பது அதற்கு வசதி. அந்தக் கடைக்கு நான் திரும்பிப் போகவேயில்லை, போயிருக்கவேண்டும், பில்லும் வாங்கவில்லை, என்னத்தைக் காட்டி வாதாட?

பார்க்க வேண்டியது இவ்வளவுதான், இரண்டு நிமிட வேலை. அடியிலிருந்து ஒரு கண்ணை மூடி, தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல நுனி வரை பார்க்கவேண்டும். பிறகு கழற்றி, முன்பாதியைத் தனியாகக் கண்ணாடி மேசையில் உருட்டவேண்டும். அடியில் தெரிகிற வெளிச்சக் கீற்று விரிந்து சுருங்கினால் வளைவு. பூட்டியபடி மட்டும் உருட்டிவிட்டு முடிவெடுக்காதீர்கள், இரண்டு பாதியும் நேராக இருந்து பூட்டு மட்டும் பிசகியிருந்தாலும் ஆடும். கடைசியாக, பூட்டி, அடிப்பாகத்தை மெதுவாகக் கையில் தட்டுங்கள். கிலுகிலு என்று சத்தம் வந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது.

இதற்கு விடாத கடையில் வாங்காதீர்கள். பில் கேளுங்கள், கேட்டால் தரவேண்டியது அவர்களுடைய சட்டக் கடமை. 'பில் இல்லாமல் 500 ரூபா குறைக்கிறேன்' என்பவரிடம், அந்த 500 ரூபாவுக்கு அவர் உங்கள் வாயை வாங்குகிறார் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. பெரிய ஆட்களின் கியூவை வாங்கிக் கொடுத்தால் வளர வளர உதவும்தானே? (உவர்மலை)

சப்பாத்தை இரண்டு அளவு கூட்டி வாங்குவதுபோல இதையும் செய்யவேண்டாம் அக்கா. நீளமான கியூவின் பாரம் பின்னால் இழுக்கும், பிள்ளை பிழையான இடத்தில் பிடித்துப் பழகும். 48, 52 அங்குலத்திலும் கியூ கிடைக்கிறது. நிமிர்த்தி நிறுத்தினால் நுனி பிள்ளையின் தோளுக்கும் நாடிக்கும் இடையில் வரட்டும். மலிவானதே போதும், ஒன்றரை வருடத்தில் மாற்றத்தான் போகிறீர்கள்.

கேள்வி: மாமாவின் பழைய ஸ்னூக்கர் கியூ வீட்டில் சும்மா கிடக்கிறது. அதால் பூல் விளையாடினால் என்ன? கிளப்பில் பழைய ஆட்கள் அதுவே நல்லது என்கிறார்கள். (சீனக்குடா)

பழைய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள், அவர்கள் வளர்ந்தது பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் பார்த்து. 1973 இல் உலக அமெச்சூர் பட்டத்தை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த எம்.ஜே.எம். லாபிரும் வென்றது பில்லியர்ட்ஸில். மெல்லிய நுனி அவர்களுக்குக் கைவந்தது. சிவப்பு மஞ்சள் பந்து என்றால் தாராளமாக விளையாடுங்கள், ஒரு சதமும் செலவழிக்கவேண்டாம். எண் போட்ட பெரிய பந்து என்றால் பழகலாம், ஆனால் முதல் அடி, அந்த முக்கோணத்தை உடைக்கிற அடி, அதற்கு மட்டும் விடுதிக் கியூவை எடுங்கள். 9, 10 மில்லிமீற்றர் நுனியும் பித்தளை வளையமும் அதற்குச் செய்ததல்ல. மாமா உயிரோடு இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: டிப்பில் பூசுகிற சோக் எந்த நிறம் வாங்கலாம்? (அலஸ்தோட்டம்)

மேசைத் துணி என்ன நிறமோ அது.