வியட்நாம்: எந்த ஊரில், எந்த வேளையில், என்ன சாப்பிடலாம்?

பிற நாடுகளுக்குச் செல்லும்போது அந்த மண்ணின் உணவை எப்படித் தேடிச் சாப்பிடுவது என்று கேட்டு வந்த மடல்களில் பல வியட்நாம் பயணம் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அந்த நாட்டுக்கே ஒதுக்கியுள்ளோம்.

ஜனவரி இறுதியில் குடும்பத்துடன் ஹனோய், டா நாங், ஹோ சி மின் நகரம் ஆகிய மூன்று ஊர்களுக்கும் செல்கிறோம். பயண ஏற்பாட்டாளர் மூன்று வேளையும் இந்திய உணவகத்தில் சாப்பாடு என்கிறார். நாங்கள் எல்லா வகை அசைவமும் சாப்பிடுவோம். எவற்றைத் தவறவிடக் கூடாது?
— கோயம்புத்தூர் வாசகர்

மூன்று வேளை உணவையும் உங்கள் பொறுப்பில் விட்டுவிடும்படி ஏற்பாட்டாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வியட்நாமில் பெயர் பெற்ற தெருக்கடைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு பதார்த்தத்தை மட்டும், அதற்கென்று உள்ள வேளையில் மட்டும் சமைத்து, பானை காலியானதும் கடையைக் கட்டிவிடுபவை. நூறு வகை அச்சிட்ட பட்டியலை நீட்டும் பெரிய உணவகத்தைவிட, நான்கு சிறிய முக்காலிகளும் ஓர் அடுப்பும் மட்டுமே உள்ள கடையில் கைப்பக்குவம் மேலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஹனோயில் காலையில் ஃபோ சாப்பிடுங்கள். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, தணலில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும், அன்னாசிப்பூவும் பட்டையும் பெரிய ஏலக்காயும் சேர்த்து எடுக்கும் தெளிந்த சாற்றில், அரிசியில் செய்த தட்டையான நூடுல்ஸையும் மெல்லிய இறைச்சித் துண்டுகளையும் இட்டுத் தருவார்கள். வடக்கில் வெங்காயத்தாளைத் தவிர மேலே அதிகம் எதுவும் போடுவதில்லை. தெற்கே ஹோ சி மின் நகரத்தில் அதே ஃபோவுடன் துளசி வகை இலைகள், முளைப்பயறு, எலுமிச்சை, இனிப்பான சோயா விழுது என ஒரு தட்டு நிறைய வந்து சேரும். இரண்டையும் சாப்பிட்டுப் பாருங்கள். சாற்றின் சுவையை மறைக்காத வடக்கத்திய முறையே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

மறுநாள் காலைக்கு பான் குவோன். இதைச் சாப்பிடுவதற்கு முன் சமைப்பவருக்கு எதிரில் சிறிது நேரம் நின்று பாருங்கள். கொதிக்கும் பானையின் வாயில் துணியை இறுக்கிக் கட்டியிருப்பார். நம் இட்லித் துணியைப் போலத்தான், ஆனால் முரசுத் தோல் அளவுக்கு விறைப்பாக இருக்கும். அதன் மேல் நீர்த்த அரிசி மாவை ஒரு கரண்டி ஊற்றி, கரண்டியின் அடிப்பாகத்தாலேயே வட்டமாகத் தேய்த்து மூடுவார். சில நொடிகளில் மூடியைத் திறந்து, நீண்ட மூங்கில் குச்சியை மாவேட்டின் அடியில் செலுத்தித் தூக்கும்போது, மறுபுறம் தெரியும் அளவுக்கு மெல்லிய ஏடு கிழியாமல் மேலே வரும். அதை எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, கொத்திய பன்றி இறைச்சியும் மரக்காளானும் வைத்துச் சுருட்டி, பொரித்த சின்ன வெங்காயத்தைத் தூவித் தருவார்கள்.

நண்பகலில் கரியடுப்புப் புகை எழும் இடத்தை நோக்கி நடந்தால் புன் சா கடை இருக்கும். தணலில் சுட்ட பன்றி இறைச்சியை, மீன் சாறும் சர்க்கரையும் புளிக்காடியும் கலந்த வெதுவெதுப்பான நீரில், பச்சைப் பப்பாளித் துண்டுகளோடு மிதக்கவிட்டுத் தருவார்கள். தனித்தட்டில் வரும் அரிசி நூடுல்ஸையும் கீரைகளையும் அதில் தோய்த்து உண்ண வேண்டும். இரவுக்கு சா கா என்ற மீன் உணவு. மஞ்சளில் ஊறிய மீன் துண்டுகளை மேசை மீதே வாணலி வைத்து, கைநிறைய சதகுப்பைக் கீரையும் வெங்காயத்தாளும் போட்டுப் புரட்டுவார்கள். நாம் மருந்துச் சரக்காக மட்டும் அறிந்த சதகுப்பைக்கு மீனோடு இவ்வளவு பொருத்தம் உண்டா என்று வியப்பீர்கள். தொட்டுக்கொள்ளத் தரும் ஊறிய இறால் விழுதின் வாடை கடுமையானது. வேண்டாம் என்றால் மீன் சாறு கேட்டு வாங்கலாம்.

டா நாங்கில் மஞ்சள் நிற நூடுல்ஸும் வேர்க்கடலையும் நொறுங்கும் அரிசி அப்பளமும் சேர்ந்த மீ குவாங். ஹோ சி மின் நகரத்தில் நொய்யரிசிச் சோற்றோடு சுட்ட இறைச்சி தரும் கொம் தாம். ஏழைகளின் உணவாக இருந்த நொய், இன்று அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

பயணச்சீட்டு வாங்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வியட்நாமியப் புத்தாண்டான தெத் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வரும். அந்த நாள்களில் கடைக்காரர்கள் சொந்த ஊருக்குச் சென்றுவிடுவதால், நான் சொன்ன கடைகளில் பலவும் மூடியிருக்கும்.

நாங்கள் பன்றி இறைச்சி உண்பதில்லை. ஹலால் உணவும் வேண்டும். உள்ளூர் உணவு எங்களுக்கு வாய்க்குமா?
— கீழக்கரை வாசகர்

வாய்க்கும், ஆனால் ஹனோயைவிடத் தெற்கே எளிதாகக் கிடைக்கும். ஹோ சி மின் நகரத்தின் நடுவில், தோங் யூ தெருவில் உள்ள பள்ளிவாசல் 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்களால் கட்டப்பட்டது. அதன் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஹலால் உணவகங்களில் ஃபோ உள்ளிட்ட வியட்நாமிய உணவுகளையே கேட்டுச் சாப்பிடலாம். கா ரி கா என்னும் கோழிக் குழம்பைத் தேடிப் பாருங்கள். இந்தியர்கள் வழியாக அங்கு சென்ற மசாலாப் பொடியோடு தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப் புல்லும் சர்க்கரைவள்ளியும் சேர்த்து, பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற நீள ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடும்படி அதைச் செய்கிறார்கள்.

மற்ற கடைகளில் பலகையைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். வியட்நாமிய மொழி ஆங்கில எழுத்துகளை ஒட்டியே எழுதப்படுவதால் இது எளிது. ஜி, ஏ என்ற இரண்டெழுத்து கோழி. பி, ஓ மாடு. சி, ஏ மீன். எச், ஈ, ஓ பன்றி, வடக்கில் அதையே எல், ஓ, என் என்று எழுதுவார்கள். எழுத்துகளின் மேலும் கீழும் குறிகள் இருக்கும். ஆயினும் கோழி என்று எழுதியதாலேயே ஓர் உணவு உங்களுக்கு உகந்ததாகிவிடாது. சாற்றில் பன்றி எலும்பு சேர்ப்பதும், அதன் கொழுப்பில் வதக்குவதும் அங்கு சாதாரணம். ஹுவே நகரத்துப் புகழ்பெற்ற நூடுல்ஸ் உணவான புன் பொ, பெயரில் மாடு என்று இருந்தாலும், பன்றிக் கால் துண்டோடு வருவதே வழக்கம்.

என் தாயார் முட்டைகூடச் சேர்க்காத சைவர். அவரை அழைத்துச் சென்றால் பிஸ்கட்டும் பழமும்தான் கதி என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
— திருநெல்வேலி வாசகி

உறவினர்கள் சொல்வது சரியன்று. ஆனால் அவர்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. வியட்நாமியச் சமையலில் உப்பின் வேலையைப் பெரும்பாலும் மீன் சாறுதான் செய்கிறது. நெத்திலியை உப்பில் அடுக்கி, பெரிய மரத் தொட்டிகளில் ஓராண்டு அளவுக்கு ஊறவைத்து வடித்த சாறு அது. வதக்கிய கீரையிலும் வெறும் காய்களிலும்கூட அது இருக்கும். எனவே சாதாரணக் கடையில் ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொல்வது போதாது.

நீங்கள் தேட வேண்டியது சி, எச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்துகளைத் தாங்கிய பலகையை. சாய் என்று ஒலிக்கும் அந்தச் சொல் பௌத்தர்களின் சைவ உணவைக் குறிக்கும். அந்தக் கடைகளில் மீன் சாற்றுக்குப் பதிலாகச் சோயா சாறுதான். பலவற்றில் பூண்டும் வெங்காயமும்கூடத் தவிர்க்கப்படும். சிற்சில கடைகளில் முட்டை சேர்ப்பதுண்டு என்பதால் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது ஏறக்குறைய அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அசைவம் உண்ணும் வியட்நாமியரும் பலர் சாய் உணவுக்கு மாறுவதால், அந்த நாள்களில் வழக்கமான கடைகளிலும் அது கிடைக்கும். உங்கள் பயண நாள்களைப் பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பாருங்கள். முடிந்தால் ஹுவே நகரத்தில் கூடுதலாக ஒரு நாள் தங்குங்கள். பழைய தலைநகரமாகவும் பௌத்த மடங்களின் ஊராகவும் இருப்பதால், அங்கே சைவச் சமையல் தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

தாயாருக்கு முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வையுங்கள். சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த துண்டுகளை இறைச்சி போலவே வடிவமைத்துப் பரிமாறும் வழக்கம் இந்தக் கடைகளில் உண்டு. அறியாமல் தட்டைப் பார்த்தால் அவர் மனம் வருந்தக்கூடும்.

ஹோய் ஆனில் காவ் லாவ் சாப்பிடாமல் திரும்பாதே என்று நண்பர் சொல்கிறார். நூடுல்ஸ் எல்லா ஊரிலும் நூடுல்ஸ்தானே?
— திருச்சி வாசகர்

நண்பர் சொல்வதைக் கேளுங்கள். காவ் லாவ் நூடுல்ஸுக்கான அரிசியை, மரக்கட்டைச் சாம்பல் கரைத்துத் தெளியவைத்த நீரில் ஊறவைக்கிறார்கள். அந்தச் சாம்பல் நீரால்தான் அதற்குப் பழுப்பு கலந்த மஞ்சள் நிறமும், மற்ற அரிசி நூடுல்ஸில் இல்லாத, பல்லுக்கு எதிர்த்து நிற்கும் உறுதியும் வருகின்றன. அந்த நீர் ஊரிலுள்ள பா லே கிணற்றிலிருந்தும், சாம்பல் எதிரிலுள்ள சாம் தீவுகளின் மரங்களிலிருந்தும் வர வேண்டும் என்பது ஊரார் மரபு. மேலே பன்றி இறைச்சித் துண்டுகள், அதே மாவைப் பொரித்த மொறுமொறுப்பான சதுரங்கள், பக்கத்து சா குவே கிராமத்துத் தோட்டக் கீரைகள். சாறு அடியில் சில கரண்டி மட்டுமே. சீன, ஜப்பானிய வணிகர்கள் வந்து தங்கிய துறைமுகம் ஹோய் ஆன். 1999-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. பிற நகரங்களில் இதே பெயரில் கிடைப்பதை ஹோய் ஆன்காரர்கள் ஏற்பதில்லை. நானும் அவர்கள் பக்கம்தான்.

தெருக்கடையில் சாப்பிட்டு வயிறு கெட்டால் பயணமே பாழாகிவிடுமே?
— சேலம் வாசகி

கொதிக்கும் சாற்றை உங்கள் கண்ணெதிரே ஊற்றித் தரும் கடையில் அச்சம் குறைவு. உள்ளூர்க் குடும்பங்கள் வந்து அமரும், பாத்திரம் விரைவாகக் காலியாகும் கடையாகப் பாருங்கள். வயிறு மென்மையானவர்கள் முதல் இரண்டு நாள்கள் பச்சைக் கீரைத் தட்டைத் தொடாமல், சூடான சாற்றில் இலைகளை அமிழ்த்திச் சாப்பிடுவது நல்லது. குழாய் நீரைக் குடிக்க வேண்டாம். பனிக்கட்டியில், நடுவில் துளையுள்ள உருளைகள் தொழிற்சாலையில் செய்து பைகளில் வருபவை. பெரிய பாளத்திலிருந்து உடைத்துப் போடுவதைத் தவிருங்கள். கடையைத் தேர்ந்தெடுக்கத் துணை வேண்டும் என்றால், 2023 முதல், உணவகங்களைத் தரம் பார்த்துப் பரிந்துரைக்கும் மிஷலின் வழிகாட்டி ஹனோய்க்கும் ஹோ சி மின் நகரத்துக்கும் வெளிவருகிறது. அதில் எளிய ஃபோ கடைகளும் இடம்பெற்றுள்ளன.

முட்டை போட்ட காபி என்கிறார்களே, குடிக்க முடியுமா? அங்கிருந்து காபித்தூள் வாங்கி வரலாமா?
— கும்பகோணம் வாசகர்

தாராளமாகக் குடிக்கலாம், முட்டை வாடை தெரியாது. 1946-இல், பால் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், ஹனோயின் மெட்ரோபோல் ஓட்டலில் பணியாற்றிய நுயென் வான் யாங் மஞ்சள் கருவை நுரைக்க அடித்துப் பாலுக்கு மாற்றாகப் பயன்படுத்தினார். இன்றும் மஞ்சள் கருவையும் கெட்டிப்பாலையும் பாலாடை போல் அடித்து, கடுங்காபியின் மேல் மிதக்கவிட்டு, ஆறாமல் இருக்கக் கோப்பையைச் சுடுநீர்க் கிண்ணத்தில் வைத்துத் தருகிறார்கள். முட்டை முழுதாக வெந்திருக்காது என்பதால் கருவுற்ற பெண்களும் உடல் நலிந்தவர்களும் தவிர்ப்பது நல்லது.

உலகில் பிரேசிலுக்கு அடுத்து அதிகமாகக் காபி விளைவிக்கும் நாடு வியட்நாம். அதில் பெரும்பகுதி ரோபஸ்டா என்ற கசப்பு மிகுந்த காபி வகை. நம் ஊரில் சிக்கரி தரும் கனத்தையும் கசப்பையும் அங்கே அழுத்தமாக வறுத்த ரோபஸ்டாவே தந்துவிடும். வறுக்கும்போது வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ப்பது பழைய வழக்கம். அந்த மணம் பிடிக்காதவர்கள் எதுவும் சேர்க்காத தூளைக் கேட்டு வாங்க வேண்டும். தூளோடு, கோப்பையின் மேல் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கும் ஃபின் என்ற சிறு தகர வடிகட்டியையும் வாங்கிக்கொள்ளுங்கள். விலை மிகக் குறைவு. தூளைச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்திருந்தால்தான் அதில் இறங்கும். நம் ஊர் நைஸ் தூளைப் போட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும்.